சோற்றுக் கற்றாழையை மருந்தாகப் பயன்படுத்துவது எப்படி? மடல் அறுப்பது முதல் எண்ணெய் காய்ச்சுவது வரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாத மதியத்தில், தொட்டியில் கொழுத்து நின்ற கற்றாழை மடல் ஒன்றை அறுத்தேன். அவசரமாகத் தோலைச் சீவி, மிக்சியில் அடித்து, ஒரு தம்ளர் குடித்தேன். உடம்புக்குக் குளிர்ச்சி என்பதுதான் நோக்கம். வேம்பே தோற்றுப்போகும் கசப்பு. மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். நள்ளிரவில் வயிறு முறுக்கத் தொடங்கியது. மறுநாள் உச்சிவேளை வரை கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்ததைத் தவிர வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. குளிர்ச்சி கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் குடித்தது வெறும் கற்றாழைச் சோறு அல்ல, சோற்றோடு கலந்த பேதி மருந்து. இந்த ஒரே மடலுக்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. பச்சைத் தோலை ஒட்டி ஓடும் மஞ்சள் பால் ஒன்று. நடுவில் கண்ணாடிபோல் இருக்கும் சோறு மற்றொன்று. இரண்டுக்கும் குணம் வேறு, வேலை வேறு, ஆபத்தும் வேறு. "கற்றாழை நல்லது" என்பவரும் "கற்றாழை கெடுதல்" என்பவரும் பெரும்பாலும் ஒன்றைப் பற்றிப் பேசுவதில்லை. பாலையும் சோற்றையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது. ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம்.

பாலைவனத்துச் செடியின் உடம்பு

முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பார்த்துப் பழகியதால் இதை நம் மண்ணின் செடி என்றே நினைக்கிறோம். இதன் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். மழை எப்போதாவது எட்டிப்பார்க்கும் பாறைச் சரிவுகளில் வளர்ந்த செடி. மனிதர் கைவழியாகவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பாலைவனத்தில் பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். அதனால் கற்றாழை பகலில் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குகிறது. வாங்கியதை மாலிக் அமிலமாக மாற்றி இரவு முழுவதும் சேமித்து, பகல் வெளிச்சம் வந்ததும் அதைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விடியற்காலையில் அறுத்த மடலின் சோறு லேசாகப் புளிக்கும். மாலையில் அறுத்ததில் அந்தப் புளிப்பு குறைந்திருக்கும்.

சோறு என்பது அந்தச் செடியின் தண்ணீர்த் தொட்டி. அதில் ஏறத்தாழ 99 சதவீதம் நீர்தான். மிச்சத்தில் முக்கியமானது, அந்த நீரைப் பிடித்துவைக்கும் வழவழப்பான கூட்டுச் சர்க்கரைப் பொருள். தோலில் தடவினால் ஈரம் நிற்பதற்கும் எரிச்சல் அடங்குவதற்கும் அந்த வழவழப்பே பெரும் காரணம்.

தண்ணீர்த் தொட்டி இருந்தால் காவல் வேண்டுமல்லவா? பாலைவனத்தில் தாகத்தோடு திரியும் எந்த விலங்கும் இந்த மடலைக் கடித்துத் தீர்த்துவிடும். அதைத் தடுப்பதற்கு விளிம்பில் முள்ளும், தோலுக்கு அடியில் கசப்பான மஞ்சள் பாலும் இருக்கின்றன. அந்தப் பாலில் உள்ள அலோயின் என்ற பொருள் பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் நுண்ணுயிர்களால் உருமாறிய பிறகே வேலையைக் காட்டுகிறது. குடித்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துப் பேதியாவது அதனால்தான். மதியம் குடித்த எனக்கு நள்ளிரவில் வந்த கணக்கும் அதுவே.

பால் கடல் கடந்தது, சோறு முற்றத்தில் நின்றது

பழைய உலகில் கற்றாழை என்ற பெயரில் வணிகமானது அந்தப் பால்தான். சோறு அறுத்த சில மணி நேரத்தில் நீர்த்து, நிறம் மாறிக் கெட்டுப்போகும். அதைக் கப்பலில் ஏற்ற வழியில்லை. பாலைக் காயவைத்தால் பளபளக்கும் கருங்கட்டியாகி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் விற்கப்படுவது அதுவே.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடஸ் இந்தக் கசப்புப் பொருளைப் பேதிக்கும், இரத்தக் கசிவை நிறுத்தவும், புண்களுக்கும் பரிந்துரைத்திருக்கிறார். செடி இந்தியாவில் மிகுதியாக வளர்வதாகவும் சாறு அங்கிருந்து வருவதாகவும் குறிப்பிடுகிறார். ஏமனுக்குத் தெற்கே இருக்கும் சொக்கோத்ரா தீவின் பெயர் மேற்குலக மருந்துக் கடைகள் வரை பரவியதற்கும் கற்றாழைப் பால் ஒரு காரணம். அங்கு வளர்வது நெருங்கிய உறவான வேறோர் இனம். தரையில் குழி தோண்டி, அதில் ஆட்டுத்தோலை விரித்து, அறுத்த மடல்களை வெட்டுவாய் உள்நோக்கியபடி சுற்றி அடுக்கிவைப்பார்கள். சொட்டும் பால் தோலில் சேர்ந்து, வெயிலில் மெல்லக் கெட்டியாகும். தென்னாப்பிரிக்காவில் மூன்றாவது ஓர் இனத்தில் இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் பால் எடுக்கிறார்கள். பிறகு பீப்பாய்களில் காய்ச்சிக் கட்டியாக்குகிறார்கள்.

அரபு மொழியில் கற்றாழையின் பெயரும் பொறுமை என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அந்தக் கசப்பை விழுங்கப் பொறுமை தேவை என்பதாலா, தண்ணீர் இல்லாமல் காத்திருக்கும் செடி என்பதாலா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு இரண்டும் பொருத்தமாகவே படுகிறது.

சோற்றுக்கு உலகச் சந்தை வந்தது மிகவும் பிந்தி. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில், எக்ஸ்ரே கதிரால் புண்ணான தோலில் புதிய கற்றாழை மடலை வைத்துக் குணம் கண்டதாக ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. அதன் பிறகுதான் ஆய்வாளர்கள் சோற்றின் பக்கம் திரும்பினார்கள். அதைக் கெடாமல் புட்டியில் அடைக்கும் முறைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவின. நம் ஊர்ப் பெண்கள் அதற்கு வெகு காலம் முன்பே சோற்றைத் தலையில் தேய்த்துக்கொண்டும் மோரில் போட்டுக் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். செடி வாசலிலேயே நின்றதால் அவர்களுக்குப் புட்டி தேவைப்படவில்லை.

சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி என்று பெயர். குமரி எண்ணெய், குமரி லேகியம் இரண்டும் பெயர்பெற்ற தயாரிப்புகள். ஆயுர்வேதத்தில் குமார்யாசவம் உண்டு. லேகியத்தையும் ஆசவத்தையும் வீட்டில் செய்யும் முறையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றில் சேரும் மற்றச் சரக்குகளின் அளவும் சுத்தி முறையும் மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை.

முதலில் செடியைச் சரிபாருங்கள்

ரயில் பாதை ஓரங்களிலும் வேலிகளிலும் ஆளுயரத்துக்கு நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு செடி. அதன் மடல் நார் நிறைந்து விறைப்பாக இருக்கும், நுனியில் ஊசிபோல் ஒரே முள் நீட்டிக்கொண்டிருக்கும். நார் உரித்துக் கயிறு திரிக்கலாமே தவிர, சாற்றைத் தோலில் பூசினால் அரிப்பும் கொப்புளமும் வரும். பெயரில் கற்றாழை இருக்கிறதே என்று ஏமாந்தவர்கள் உண்டு.

சோற்றுக் கற்றாழை மடலை விரலால் அழுத்தினால் அமுங்கும். இரண்டு விளிம்பிலும் சிறு பற்கள்போல முட்கள் இருக்கும். இளஞ்செடியின் மடலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வளர வளரப் பல செடிகளில் அவை மங்கும். நடுவிலிருந்து நீண்ட தண்டு கிளம்பி மஞ்சள் பூக்கள் தொங்கும். ஆரஞ்சு நிறப் பூவும் முதிர்ந்த பின்னும் மறையாத புள்ளிகளும் சிறிய மடலும் கொண்ட ஒரு வகையும் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதில் சோறு கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

செங்கற்றாழை பற்றி ஒரு வார்த்தை. அதிசய மருந்து என்று சொல்லிக் கன்று ஒன்றை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். கடும் வெயிலிலும் வறட்சியிலும் சாதாரணக் கற்றாழை மடலும் செம்பழுப்பாக மாறும். நிழலில் வைத்து நீர் ஊற்றினால் மீண்டும் பச்சையாகும். அறுத்த இடத்தில் மஞ்சள் பால் காற்றுப்பட்டுச் சிவந்து கறுப்பதும் எல்லாக் கற்றாழையிலும் நடப்பதுதான். காசைக் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

மடல் அறுத்தல், பால் வடித்தல், சோறு எடுத்தல்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சமையலறையில் நடக்கும் பிழைகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

முதல் படி, மடலைத் தேர்வது. செடிக்கு இரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். புது மடல்கள் நடுவிலிருந்து வருகின்றன. முதிர்ந்தவை வெளிச்சுற்றில் தரையை ஒட்டிச் சாய்ந்திருக்கும். வெளிச்சுற்றில்தான் எடுக்க வேண்டும். அடிப்பக்கம் இரண்டு விரல் தடிமனாவது இருந்தால் நல்லது. ஒரு முறைக்கு ஒரு செடியில் இரண்டு மடலுக்கு மேல் எடுத்தால் செடி வாடிவிடும். முந்தைய நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் சோறு நீர்த்துப்போகும்.

இரண்டாம் படி, அறுப்பது. மடல் தண்டோடு சேரும் இடத்தில் பச்சை மறைந்து வெளுப்பாக இருக்கும். அந்த வெளுப்பில் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. இழுத்துப் பிய்த்தால் செடியின் காயம் அழுகும். வெட்டிய உடனே மஞ்சள் பால் கசியும். துணியில் பட்டால் கறை போகாது, நல்ல சட்டையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி, பால் வடிப்பது. ஒரு பாத்திரத்தில் மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்த்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பலர் ஐந்து நிமிடத்தில் பொறுமை இழந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அரை மணி கழித்துப் பாத்திரத்தின் அடியில் தேநீர் நிறத்தில் தேங்கியிருப்பதைப் பார்த்தால், இதையா குடிக்க இருந்தோம் என்று தோன்றும். பிறகு மடலை ஓடும் நீரில் கழுவுங்கள்.

நான்காம் படி, சோற்றை உரிப்பது. மடலின் அடியில் இரண்டு விரல்கடை அளவு வெட்டி எறியுங்கள், பால் அதிகம் தங்குவது அங்கே. நுனியில் நான்கு விரல்கடை அளவு போகட்டும். அங்கே சோறும் இல்லை. இரு விளிம்பு முட்களையும் நீளவாக்கில் சீவுங்கள். மடலைத் தட்டையாக வைத்து மேல்தோலை உரியுங்கள். இங்கே கஞ்சத்தனம் கூடாது. தோலை மெல்லியதாகச் சீவினால், அதற்கு நேர் கீழே இருக்கும் பால் குழாய்கள் சோற்றோடு வந்துவிடும். சோற்றில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று தடிமனாக எடுங்கள். பிறகு திருப்பிப்போட்டு அடித்தோலையும் அதேபோல் நீக்குங்கள். கையில் நிற்காமல் நழுவும் கண்ணாடிக் கட்டி கிடைக்கும். அதில் பச்சையோ மஞ்சளோ கோடாகத் தெரிந்தால் அந்த இடத்தைச் செதுக்கி எறியுங்கள்.

ஐந்தாம் படி, கழுவுவது. சோற்றைச் சிறு துண்டுகளாக்கி ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது வழிவழியாக வந்த பேச்சு. அரிசி களைந்த நீரில் கழுவுவதும் உண்டு. ஏழு என்பது மந்திர எண் அல்ல. முதல் இரண்டு நீரில் மஞ்சளும் நுரையும் வரும், நான்காவதில் நீர் தெளியும். ஏழு வரை எண்ணினால் யாரும் இடையில் நிறுத்த மாட்டார்கள் என்று கணக்குப் போட்டவர் புத்திசாலி.

ஆறாம் படி, நாக்கால் சோதிப்பது. ஒரு சிறு துண்டை வாயில் போடுங்கள். நல்ல சோற்றுக்கு ஏறக்குறைய சுவையே இருக்காது. காலையில் அறுத்ததென்றால் லேசான புளிப்பு. கசந்தால் துப்பிவிட்டு மறுபடி கழுவுங்கள். அப்படியும் கசந்தால் அது தலைக்கும் தோலுக்கும் மட்டும்.

எடுத்த சோற்றை அன்றே பயன்படுத்துவது நல்லது. மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மீந்ததை அடித்து ஐஸ் அச்சுகளில் உறையவைத்துக்கொண்டால், அடுத்த முறை மடல் அறுக்காமலே எரிச்சலுக்கு ஒரு கட்டியை எடுத்துக் கரைத்துத் தடவலாம்.

தீப்புண்ணுக்கு

குக்கர் ஆவி, எண்ணெய்த் தெறிப்பு, அயர்ன்பாக்ஸ் சூடு: கற்றாழைச் சோற்றின் பெயர் நிலைத்திருப்பது இவற்றில்தான். 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 371 பேர் பங்கேற்ற நான்கு ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. கற்றாழை போட்ட தீப்புண்கள் சராசரியாக ஒன்பது நாள் முன்னதாக ஆறியதாகக் கண்டது. அந்த ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. பாட்டி வைத்தியத்தில் இந்த அளவுக்காவது சான்று உள்ளவை அதிகமில்லை.

செய்முறையின் வரிசை முக்கியம். முதலில் சுட்ட இடத்தைக் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கற்றாழையைத் தேடித் தோட்டத்துக்கு ஓட வேண்டாம். தண்ணீர்தான் முதல் மருந்து. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான கத்தியால் எடுத்த சோற்றை மெல்லிய படலமாகப் பூசி, உலர உலர மறுபடி பூசலாம். பற்பசை, பேனா மை, மாவு எதுவும் வேண்டாம்.

தோல் சிவந்து எரிவதற்கும், உடையாத சிறு கொப்புளத்துக்கும் இது போதும். உள்ளங்கையைவிடப் பெரிய புண், முகம், கை மூட்டு, பிறப்புறுப்புப் பகுதியில் பட்டது, தோல் வெளுத்தோ கருகியோ உணர்ச்சியற்றுப் போனது, குழந்தைகளுக்குப் பட்டது ஆகியவற்றுக்கு மருத்துவமனைதான்.

ஆழமான வெட்டுக்காயத்திலும் அறுவைச் சிகிச்சைக் காயத்திலும் இதைப் பூசாதீர்கள். 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வயிற்று அறுவைக்குப் பின் பிரிந்துபோன காயங்களுக்கு வழக்கமான சிகிச்சை அளித்தபோது சராசரியாக 53 நாளில் ஆறின. கற்றாழைக் களிம்பும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 83 நாள் ஆயிற்று. மேல்தோலுக்கு நல்லது அடிச்சதைக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முதன்முறை பூசுபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பூண்டு, வெங்காயத்தால் தோலில் ஒவ்வாமை வருபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கோடைக்கு மோர்

வயிற்று எரிச்சல், நீர்க்கடுப்பு, உடல்சூடு, பெண்களின் வெள்ளைப்படுதல் என்று பலவற்றுக்கும் நம் வீடுகளில் கொடுப்பது இதையே. நோயைத் தீர்க்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். வெயிலில் அலைந்து வந்தவருக்கு இதமாக இருக்கும், அது எனக்கு அனுபவம்.

ஏழு முறை கழுவிக் கசப்பில்லை என்று உறுதியான சோறு இரண்டு மேசைக்கரண்டி, புளிக்காத மோர் ஒரு தம்ளர், உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம், வறுத்துப் பொடித்த சீரகம், இரண்டு கறிவேப்பிலை. மிக்சியில் ஒரே சுற்று. அதற்கு மேல் அடித்தால் நுரைத்துக் கொழகொழப்பாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தம்ளர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். நல்லது என்பதற்காகத் தினமும் வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் குடிப்பது நம் மரபிலும் இல்லை. அது புட்டி விற்பவர்கள் கொண்டுவந்த பழக்கம்.

கடையில் புட்டிச் சாறு வாங்கினால், சோற்றிலிருந்து மட்டும் எடுத்ததா, முழு மடலையும் அரைத்ததா, அரைத்திருந்தால் கசப்புப் பொருளை நீக்கினார்களா என்று சிட்டையில் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருள்களின் 2பி பிரிவில் சேர்த்திருக்கிறது. கசப்பு நீக்காத சாற்றை இரண்டு ஆண்டுகள் கொடுத்த எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்ததே அதற்கு அடிப்படை. அந்த வகைப்பாடு மடலையே அரைத்த சாற்றுக்கு. கழுவிய சோற்றுக்கு அல்ல.

தலைக்கு எண்ணெய்

தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், கழுவிய சோறு கால் கிலோ, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. நல்லெண்ணெயிலும் செய்யலாம், எனக்கு அதன் வாசனை பிடிக்கும், வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

அடி கனத்த, வாய் அகன்ற பாத்திரம் எடுங்கள். எண்ணெய் சூடேறிய பிறகு சோற்றைப் போட்டால் முகத்தில் தெறிக்கும். ஆகவே குளிர்ந்த எண்ணெயிலேயே சோற்றைப் போட்டு அடுப்பை ஏற்றுங்கள். தீ கடைசிவரை சிறிதாகவே இருக்கட்டும். முதலில் வெண்ணுரை பொங்கும், சடசடவென்று சத்தம் வரும். சோறு சுருங்கத் தொடங்கும்போது வெந்தயத்தைச் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருங்கள். அளவையும் தீயையும் பொறுத்து முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. எண்ணெயின் அடியில் தங்கும் கசண்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பது சித்த மருத்துவர் வழக்கம். மெழுகுபோல் உருண்டால் மெழுகு பதம், கடுகுபோல் திரண்டால் கடுகு பதம், மணல்போல் உதிர்ந்தால் மணல் பதம். வீட்டுத் தலை எண்ணெயை மணல் பதம் தொட்டதும் இறக்குங்கள். அதைத் தாண்டினால் கருகிப்போகும். சந்தேகம் இருந்தால் ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, பாத்திரத்திலிருந்து தள்ளிப்போய்க் கொளுத்துங்கள். சடசடத்தால் நீர் மிச்சம் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் பதம் சரி. நீர் மிச்சம் இருந்த எண்ணெய் இரண்டு வாரத்தில் பூசணம் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும்.

ஆறியதும் துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை தேய்த்துக் குளித்தால் தலை குளிரும், முடியின் வறட்சி அடங்கும். வழுக்கையில் முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் அவர் தலையைப் பாருங்கள்.

முகத்துக்குத் தனிச் செய்முறை தேவையில்லை. சோற்றைத் தடவிக் கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள், அவ்வளவுதான்.

மூசாம்பரம்: வெளியே வைத்துக்கொள்ள வேண்டிய மருந்து

இனி மஞ்சள் பாலுக்கு வருவோம். அடிபட்டு இரத்தம் கட்டி வீங்கிய இடத்துக்கும் சுளுக்குக்கும் மூசாம்பரப் பற்று போடுவது இன்றும் கிராமங்களில் இருக்கிறது. சுண்டைக்காய் அளவு கட்டியைப் பொடித்து, ஒரு முட்டையின் வெண்கருவிலோ வெந்நீரிலோ குழைத்து, இரும்புக் கரண்டியில் இளஞ்சூடாக்கிக் கனமாகப் பூச வேண்டும். காய்ந்ததும் இறுகிப் பிடிக்கும். பாதி வேலையை மருந்தும் பாதியை அந்த இறுக்கமும் செய்கின்றன என்று நினைக்கிறேன். அடிபட்ட இடம் ஆடாமல் நிற்கிறதல்லவா. இரவு போட்டுக் காலையில் வெந்நீரால் கழுவலாம். தோல் கிழிந்திருந்தால் போடக் கூடாது. காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்த பிறகே பற்று.

பால்குடி மறக்கடிக்கத் தாய்மார்கள் மார்பில் கற்றாழைப் பாலைத் தடவுவதும் பழைய வழக்கம். கசப்பு குழந்தையை விலக்கிவிடும், உண்மைதான். ஆனால் குழந்தையின் வயிற்றுக்குப் போவது பேதி மருந்து. அந்த இடத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலச்சிக்கலுக்கு மூசாம்பரத்தை உள்ளே சாப்பிடுவதும் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். 2002-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளிலிருந்து கற்றாழைப் பாலை நீக்க உத்தரவிட்டது. பாதுகாப்பானது என்பதற்குத் தயாரிப்பாளர்கள் போதிய சான்று தராததே காரணம். தொடர்ந்து எடுத்தால் உடலின் பொட்டாசியம் குறையும். இதயத் துடிப்புக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்கும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. மாதவிலக்குத் தடைக்குக் கரியபோளம் கொடுத்த வழக்கத்திலேயே, கர்ப்பிணிகள் ஏன் இதைத் தொடக் கூடாது என்பதற்கான விடை இருக்கிறது. பாலூட்டும் தாய்மார்கள், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், குடல் புண்ணோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கும் இது வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சோற்றைச் சாப்பிடுவதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம்.

கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோற்றின் மேல் படிகாரப் பொடியைத் தூவினால் சற்று நேரத்தில் நீர் பிரிந்து வரும். அந்த நீரைக் கண் சிவப்புக்குச் சொட்டுமருந்தாக விடும் வழக்கம் இருந்தது. கிருமி நீக்காத எதையும் கண்ணில் விடாதீர்கள். மூடிய இமைமேல் குளிர்ந்த சோற்றுத் துண்டை வைத்துக்கொள்வது வரை சரி.

செடி வளர்க்க

கற்றாழை மடலை மண்ணில் நட்டால் வேர்விடாது, அழுகும். தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றை வேரோடு பிரித்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் நடுங்கள். அடியில் துளையில்லாத தொட்டி இதற்கு எமன். மேல்மண் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். மழைக்காலத்தில் ஓரமாக நகர்த்திவையுங்கள்.

திருஷ்டிக்காக வாசலில் வேரை மேலாக்கித் தலைகீழாகத் தொங்கவிட்ட செடி மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கெய்ரோவிலும் புது வீட்டு வாசலுக்கு மேல் கற்றாழையைத் தொங்கவிடுவார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். தொங்கும் அந்தச் செடியின் மடலை மருந்துக்கு அறுக்காதீர்கள். தொட்டியில் இருந்த நீரைச் செடியே குடித்துத் தீர்த்திருக்கும். சுருங்கிய மடலில் எடுப்பதற்குச் சோறு இருக்காது. அதற்குப் பதிலாக இறக்கி, காய்ந்த வேர்களைக் கத்தரித்து, மணல் கலந்த மண்ணில் வைத்து ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.